திருவெள்ளறைத் தபாலும் வல்லாரைத் துவையலும்

செய்தி வந்தபோது மணி மூன்று இருபது. 1984 ஜூலை, சனிக்கிழமை. கதவு தட்டும் சத்தம் கேட்டு, "இன்னிக்கு என்ன இவ்வளவு சீக்கிரம்?" என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் லூர்துராணி எழுந்து போனாள். அதனால் அந்த நேரம் அவளுக்கு மறக்கவில்லை.

வாசலில் நின்றது அவள் கணவர் அருள்நாதன் அல்ல, அடைக்கலராஜ். திருச்சி ஜங்ஷனில் அவரோடு ஒரே அறையில் தபால் பிரிப்பவர். செருப்பைக் கழற்றும்போதே "அண்ணி, காபி உண்டா?" என்று கேட்கிற ஆள். அன்று செருப்பையும் கழற்றவில்லை, காபியும் கேட்கவில்லை.

"ராமேஸ்வரம் வண்டி இன்னிக்கு அரைமணி லேட்டு அண்ணி" என்றார்.

"வண்டி லேட்டுன்னா அவரும் லேட்டா வருவாரு. இதச் சொல்லவா வெயில்ல வந்தீங்க?"

"இல்ல அண்ணி. வண்டி வரலியேன்னு பையெல்லாம் கட்டி வெச்சுட்டு நின்னோம். அண்ணன் ஒரு பை மேல உக்காந்தாரு. தண்ணி கேட்டாரு. நான் கொண்டாந்தேன்..."

 

இருதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். அருள்நாதனுக்கு ஐம்பத்து நான்கு வயது. மேலப்புதூரில் அந்த வீட்டில் இருதயத்தைப் பற்றி யாரும் ஒருநாளும் கவலைப்பட்டதில்லை. இருந்த கவலையெல்லாம் மூளையைப் பற்றித்தான்.

அருள்நாதன் இருபத்தோரு வயதில் ரயில்வே தபாலில் சேர்ந்தவர். அவர் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சுவரளவு மரக்கூடு ஒன்று. அதில் புறாக்கூடுபோல நாற்பது, ஐம்பது அறைகள். ஒவ்வொரு அறையும் ஒரு வண்டிக்கு அல்லது ஒரு பைக்கு. கடிதத்தில் இருக்கும் ஊரைப் பார்த்த மாத்திரத்தில் அதற்குரிய அறையில் எறிய வேண்டும். யோசித்தால் வண்டி போய்விடும். மூன்று ஜில்லாக்களின் தபாலாபீஸ்கள் அத்தனையும் தலைக்குள் இருக்க வேண்டும்.

இருந்தன. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் ஊர் பேரைச் சொன்னால் போதும். "சப் ஆபீஸ் இன்னது, காலைப் பை எட்டு மணிக்கு, ஞாயித்துக்கிழமை கிடையாது" என்று சாம்பாருக்கு முன்னால் சொல்லி முடித்துவிடுவார். பெண் வீட்டார் ஊரைப் பற்றி மாப்பிள்ளை வீட்டாருக்கு அவர் மூலம் தெரிந்த விவரம் தரகர் மூலம் கூடத் தெரிந்திருக்காது.

எழுபத்திரண்டில் அரசாங்கம் பின்கோடு கொண்டுவந்தபோது மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. "ஸ்ரீரங்கத்துக்கு ஆறு லட்சத்து இருபதாயிரத்து ஆறாம்! ரெங்கநாதருக்கே நம்பர் போட்டுட்டானுங்க ராணி. இனி நான் எதுக்கு?" என்றார். ஆனால் ஜனங்கள் பின்கோடு எழுதினால்தானே? அவர் வேலைக்கு ஒன்றும் வரவில்லை.

வந்தது எழுபத்தாறு ஜனவரியில். அவர் போட்ட தபால்கள் ஊர் மாறிப் போய், "தவறாக வந்தது" என்று சீட்டு ஒட்டிக்கொண்டு திரும்பின. ஒன்றா, இரண்டா? ஒரே மாதத்தில் பத்தொன்பது. மேலதிகாரி கூப்பிட்டார். ஈஸ்டருக்கு அடுத்த வாரம் பரீட்சை. ஊர் பெயர் எழுதிய நூறு அட்டை கொடுப்போம், ஐந்துக்கு மேல் தவறினால் கூட்டை விட்டு நகர்த்திப் பைக்கு அரக்கு முத்திரை வைக்கிற இடத்தில் உட்கார வைப்போம் என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பினார்.

அரக்கு வைப்பதில் அவமானம் உண்டுதான். ஆனால் அருள்நாதன் அதற்காகச் சோறு இறங்காமல் உட்கார்ந்திருக்கவில்லை. லூர்துராணிக்குக் காரணம் தெரியும். அவருடைய அப்பா தைரியராஜ், கடைசி இரண்டு வருஷம் மன்னார்புரம் நாற்சந்தியில் நின்று, போகிற வருகிறவர்களிடம் "தம்பி, தைரியராஜ் வீட்டுக்கு எப்படிப் போகணும்?" என்று வழி கேட்பார். தெரிந்தவர்கள் கையைப் பிடித்துக் கூட்டி வந்து விடுவார்கள். வாசலில் நின்று, "அவரு இருக்காரா?" என்று மருமகளிடம் கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார்.

பிப்ரவரியில் ஒருநாள் சட்டை துவைக்கும்போது லூர்துராணியின் கையில் ஒரு போஸ்ட் கார்டுத் துண்டு அகப்பட்டது. அதில் அருள்நாதனின் பெயரும் மேலப்புதூர் முகவரியும் அவர் கையெழுத்திலேயே இருந்தன. கீழே, வாழ்நாளில் முதல் தடவையாக, பின்கோடும் எழுதியிருந்தார்.

அவள் அதைக் காயவைத்து அதே சட்டைப் பையில் திரும்ப வைத்துவிட்டாள். மறுநாள் காந்தி மார்க்கெட்டுக்குப் போனாள்.

கீரைக்காரப் பெரியண்ணன், "வல்லாரையா? பிள்ளைக்குப் பரீட்சையாம்மா?" என்று கேட்டார்.

"எங்க வீட்டுக்காரருக்கு."

ஒரு கட்டை எடுத்த பெரியண்ணனின் கை இன்னொரு கட்டையும் சேர்த்து எடுத்தது. "அப்ப ரெண்டா எடுத்துக்கங்க. வயசான மண்ணுக்கு உரம் கூடத்தான் போடணும்."

அன்று தொடங்கியது திருவிழா. காலையில் வல்லாரைத் துவையல், மதியம் வல்லாரைக் கூட்டு, ராத்திரி வல்லாரை போட்ட தோசை. மகள் ரோசரிக்கு அப்போது காலேஜில் முதல் வருஷம். மூன்றாம் நாள் தட்டைப் பார்த்துவிட்டு, "அப்பாவுக்குப் பரீட்சைன்னா நான் எதுக்குப்பா இதத் திங்கணும்?" என்று ஹாஸ்டலில் இருக்கும் தோழியிடம் சோறு தேடிப் போய்விட்டாள். ஹாஸ்டல் சோறு தேவலை என்று ஒருத்தி சொன்னது திருச்சி சரித்திரத்தில் அப்போதுதான்.

விஷயம் சுவர் தாண்டிப் போனது. அடுத்த வீட்டுக் கமர் ஜஹானின் கணவர் முகம்மது கனி குவைத்தில் இருந்தார். அவர் அனுப்பிய பாதாமில் ஒரு டப்பா வந்து சேர்ந்தது.

"ராத்திரி ஊறப் போடுங்கக்கா, காலையில தோல உரிச்சு ஏழு குடுங்க. ஏழுதான். எட்டாவது குடுத்தீங்கன்னா சூடு."

"ஏழுக்கு என்ன கணக்கு?"

"எங்க மாமியா சொன்னது. அவங்க எம்பத்தி ரெண்டு வயசுல, நான் கல்யாணத்தன்னிக்கு உடைச்ச கிளாஸு மொத்தம் எத்தனைன்னு சொல்வாங்கக்கா. அந்த மூளைய நான் ஏன் சந்தேகப்படணும்?"

ஒரு வாரப் பத்திரிகையில், மலை ஏறினால் மூளைக்கு ரத்தம் பாயும் என்று போட்டிருந்தது. திருச்சியில் மலைக்கு எங்கே போவது? அருள்நாதன் விடியற்காலையில் மலைக்கோட்டைப் படி ஏறத் தொடங்கினார். நானூறு படிகளையும் எண்ணிக்கொண்டே ஏறி, உச்சியில் பிள்ளையாருக்கு ஒரு மரியாதைக்குத் தலையசைத்துவிட்டு இறங்குவார். ஐந்தாம் நாள், அருள்நாதன் பிள்ளையாருக்கு வேண்டிக்கொண்டிருக்கிறார் என்று மேலப்புதூரில் பேச்சு எழுந்தது. ஆறாம் நாளிலிருந்து அவர் மாதா கோயிலைப் பதினைந்து சுற்றுச் சுற்றினார். தட்டையான இடத்தில் ரத்தம் மேலே பாயுமா என்ற சந்தேகம் மட்டும் அவருக்குத் தீரவில்லை.

பிறகு ஆட்டு மூளை. மூளைக்கு மூளைதான் உணவு என்று அடைக்கலராஜ் அடித்துச் சொன்னார். இரண்டு தடவை மிளகு போட்டு வறுத்தாயிற்று. மூன்றாம் தடவைக்குள் தவக்காலம் வந்துவிட்டது. நாற்பது நாளும் மாமிசம் தொடாத வீடு அது. அருள்நாதன் பங்குச் சாமியாரிடம் போய், "சாமி, சாப்பாடா இல்ல, மருந்தா எடுத்துக்கலாமா?" என்று கேட்டார்.

சாமியார் யோசித்துவிட்டு, "மருந்துன்னா எடுத்துக்கலாம். மாத்திரையளவு" என்றார்.

மாத்திரையளவு மூளையை வறுத்தால் சட்டியில் தேடத்தான் முடியும். அது நின்றது.

இதெல்லாம் ஒரு பக்கம். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் தினமும் ஒத்திகை நடக்கும். பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி, பின்பக்கத்தில் ஊர் பெயர் எழுதி நூறு அட்டைகள் செய்தார்கள். மரக்கூட்டுக்கு எங்கே போவது? அடுப்படிச் சாமான்கள் தரையில் இறங்கின. விழுப்புரம் வண்டிக்குத் தாம்பாளம். ராமேஸ்வரம் வண்டிக்கு முறம். ஸ்ரீரங்கம் பைக்கு இட்லிப் பானை மூடி. துறையூர் பஸ்ஸுக்குச் சல்லடை. லூர்துராணி அட்டையை நீட்டுவாள், அவர் எறிவார். முடிந்ததும் அவள் ஆபீஸ் பட்டியலோடு ஒத்துப் பார்ப்பாள்.

முதல் வாரம் பதினெட்டுத் தப்பு. இருபத்தைந்து கட்டு வல்லாரைக்குப் பிறகும் பதினெட்டுத் தப்பு. பாதாம் டப்பா காலியான அன்றைக்கும் பதினெட்டு.

இதில் ஒரு வேடிக்கை. மிச்சம் விழுந்த துவையலையெல்லாம் வீணாக்க மனமில்லாமல் தின்றவள் லூர்துராணி. அவளுக்கு மார்ச் கடைசிக்குள் நூறு ஊரும் மனப்பாடம் ஆகிவிட்டது. பட்டியலைப் பார்க்காமலே "தப்பு" என்பாள்.

"அப்ப நீயே பரீட்சைக்குப் போ" என்றார் ஒருநாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பிறகு அட்டைகளை அடுக்கத் தொடங்கினார். "ராணி, அப்பாவுக்கும் நாப்பத்தாறுலதான் தொடங்குச்சோ என்னமோ. நாம கவனிக்கல."

 அன்று அவள் இட்லிப் பானையை மூடியில்லாமல் அடுப்பில் வைத்துவிட்டு, இட்லி ஏன் வேகவில்லை என்று அரைமணி நேரம் நின்றாள்.

குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின நாள் ஸ்ரீரங்கத்திலிருந்து ரெங்கம்மாள் வந்தாள். அவள் கணவரும் அதே ஆபீஸ்தான். வெண்டைக்காய் சாப்பிட்டால் கணக்கு வரும் என்பது மாதிரி ஒரு யோசனை அவளிடமும் இருந்தது. தன் வீட்டுக் கொல்லையில் விளைந்த வல்லாரையை ஒரு பை நிறையக் கொண்டுவந்திருந்தாள்.

"பால்ல அரைச்சுக் குடுங்கோ. வெங்காயம், பூண்டு சேக்கப்படாது. புத்தி மந்தமாயிடும்."

"அதுல ருசி இருக்காதே மாமி."

"ருசி நாக்குக்கு. இது புத்திக்கு" என்றாள் ரெங்கம்மாள். பிறகு காபியை அண்ணாந்து ஊற்றிக்கொண்டு, "உங்காத்துக்காரர்கிட்ட ஒண்ணு சொல்லணும், கோச்சுக்கப்படாது. திருவெள்ளறையில என் அக்கா இருக்காளோல்லியோ, அவளுக்கு ஒரு கார்டு போட்டேன். நாலு நாள் கழிச்சு அது ஸ்ரீரங்கத்துக்கே வந்து எனக்கே சேவை சாதிச்சுடுத்து!"

லூர்துராணிக்கு முகம் சுருங்கியது. அந்தக் கார்டை யார் எறிந்திருப்பார் என்பதில் சந்தேகமில்லை. திருவெள்ளறை அட்டை தினமும் சல்லடைக்குப் போகாமல் இட்லிப் பானை மூடிக்குத்தான் போகிறது.

"ஆனா அவரைச் சொல்லிக் குத்தமில்லே" என்றாள் ரெங்கம்மாள். "நான் கல்யாணமாகி வந்த புதுசுல திருவெள்ளறைத் தபால் ஸ்ரீரங்கம் வழியாத்தானே போயிண்டிருந்தது. இப்பத்தான் துறையூர் பஸ்ல போறது. எங்காத்துக்காரர் சொல்லுவார்."

டம்ளரை வாங்கிக் கழுவப் போன லூர்துராணி, கழுவாமல் நின்றாள்.

அன்று சாயந்திரம் ஒத்திகை முடிந்ததும் வழக்கமான பதினெட்டுத் தப்பு அட்டைகளையும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டாள். அவற்றில் முதல் அட்டையை நீட்டினாள்.

"என்னங்க, திருவெள்ளறைத் தபால் எப்பவாவது ஸ்ரீரங்கம் பையில போச்சா?"

"போச்சே. அறுவத்தெட்டு வரைக்கும்."

"இது? விழுப்புரம் வண்டியில போட்டீங்களே."

"அது அந்த வண்டியிலதான் போயிட்டிருந்துச்சு. எழுவத்தி மூணுல மாத்தினான்."

"இது?"

"எழுவத்தி ஒண்ணு, மே மாசம். பாசஞ்சரை நிறுத்தினாங்க."

பதினெட்டு அட்டைகளுக்கும் வருஷம் சொன்னார். சிலதுக்கு மாதமும் சொன்னார். பாதி வழியிலேயே லூர்துராணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முறத்தில் இருந்த ராமேஸ்வரம் வண்டி முழுவதும் தரையில் கொட்டிப் போக, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. அதில் எது சிரிப்பு, எது மற்றது என்று அவளுக்கே தெரியவில்லை.

"என்ன ராணி? எனக்குப் பைத்தியம்னு முடிவு பண்ணிட்டியா?"

"ஒண்ணும் போகலங்க உங்களுக்கு. போகவேண்டியது கூடப் போகல! எல்லாம் உள்ளயே உக்காந்திருக்கு. இதுக்குப் போயி நான் வல்லாரை அரைச்சுக் குடுத்தேனே, நல்லா தண்ணி ஊத்தி வளத்திருக்கேன்!"

அருள்நாதன் அட்டைகளைப் பார்த்தார். ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு எழுந்து போய்ச் சட்டைப் பையிலிருந்த முகவரித் துண்டை எடுத்து அடுப்பில் போட்டார். அவளுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டுதான் போட்டார்.

நோய் தெரிந்துவிட்டது. ஆனால் மறக்க மருந்து எந்த மார்க்கெட்டில் கிடைக்கும்? இத்தனை வருஷம் புது வழியில் சரியாகப் போன கை, இப்போது வேகத்தில் பழைய அறைக்குப் போகிறது. அது போகுமுன் நிறுத்தத் தெரிய வேண்டும். பரீட்சைக்கு இரண்டு வாரம்தான் இருந்தது.

அந்த வீட்டில் காலைக் காபி அருள்நாதன் கையால்தான். இருட்டிலேயே எழுந்து, விளக்குப் போடாமல், கை பழகின டப்பாக்களை எடுத்துக் காபி போட்டுவிடுவார். மறுநாள் விடியற்காலையில் லூர்துராணி போர்வைக்குள் காத்திருந்தாள். பில்டரில் வெந்நீர் ஊற்றும் சத்தம் கேட்டது. சற்று நேரத்தில் ஒரு நெடி வந்தது. சுவருக்கு அப்பாலிருந்து கமர் ஜஹான், "அக்கா, விடியக்காலையில சாம்பாரா?" என்று குரல் கொடுத்தாள்.

அருள்நாதன் டம்ளரோடு வந்து நின்றார்.

"காப்பிப்பொடி எங்க?"

"உளுந்து இருந்த இடத்துல."

"உளுந்து?"

"அத நான் சொன்னா உங்க மூளை என்னத்துக்கு?"

ஒரு மடக்குக் குடித்துப் பார்த்துவிட்டு, "தவக்காலத்துக்கு இது போதும்" என்றார்.

அதன் பிறகு வீட்டில் எந்தப் பொருளும் இரண்டு நாள் ஒரே இடத்தில் இருக்கவில்லை. சீப்பு ஜன்னலுக்குப் போனது. சோப்பு மாடத்துக்குப் போனது. பல் தேய்ப்பது இடது கையால். மாதா கோயில் சுற்றும்போது நாளுக்கு ஒரு பக்கமாகச் சுற்ற வேண்டும். பூசைக்குப் போக ஒருநாள் ஒரு தெரு. நேற்றுப் போன தெருவில் காலை வைத்தால் திரும்பி வந்து மறுபடி புறப்பட வேண்டும். பெரிய வெள்ளிக்கிழமையன்று இப்படி இரண்டு தடவை திரும்பி, மூன்றாம் தடவையில் சிலுவைப்பாதை பாதி முடிந்தபின் போய்ச் சேர்ந்தார்கள். சாமியார் பார்த்தார். மருந்து என்று அருள்நாதன் கண்ணாலேயே சொன்னார்.

அட்டை ஒத்திகையிலும் அவள் சும்மா விடவில்லை. தினமும் தாம்பாளத்தையும் முறத்தையும் இடம் மாற்றி வைத்தாள். கை நீளும், நடுவழியில் நிற்கும், திரும்பும். பதினெட்டு பன்னிரண்டாயிற்று. பன்னிரண்டு எட்டாயிற்று. பரீட்சைக்கு முந்தின நாள் ஆறு. ஐந்து ஆகவில்லை.

பரீட்சை அன்று அவள் துவையல் அரைக்கவில்லை. வெங்காயமும் பூண்டும் போட்டு நல்ல மீன் குழம்பு வைத்தாள்.

அவர் திரும்பி வந்தபோது முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. செருப்பைக் கழற்றினார். கால் கழுவினார். இடம் மாறியிருந்த துண்டைத் தேடி எடுத்துத் துடைத்துக்கொண்டார்.

"சொல்லுங்களேன்!"

"நாலு தப்பு."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"திருவெள்ளறை வந்துச்சு ராணி. கை ஸ்ரீரங்கத்துக்குப் போயிருச்சு. அட்டை நுனி உள்ள நுழைஞ்சிருச்சு. அப்ப அந்தச் சாம்பார்ப்பொடிக் காப்பி நெஞ்சுல வந்துச்சு பாரு... வெளிய இழுத்துட்டேன். அதிகாரி, 'என்னய்யா சிரிக்கிறே'ங்குறாரு."

மறுநாளும் அவர் கூட்டின் முன்னால்தான் நின்றார். அதற்கப்புறம் எட்டு வருஷம் நின்றார். வழிகள் எத்தனையோ மாறின. தபால்கள் போக வேண்டிய இடத்துக்குப் போயின. பொடி டப்பாக்களை லூர்துராணி பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டாள். அவள் சமைக்க வேண்டாமா? ஆனால் சனிக்கிழமைக்கு ஒரு பொருள் இடம் மாற வேண்டும் என்று அவர் பிடிவாதமாக வைத்துக்கொண்டார். ஒருவாரம் குடை, ஒருவாரம் ரேடியோ, ஒருவாரம் கட்டிலின் தலைமாடு. விருந்தாளிகள் தண்ணீர்ப் பானையைத் தேடினால், "எங்க இருக்குன்னு கேக்காதீங்க, தேடுங்க. மூளைக்கு நல்லது" என்பார். கமர் ஜஹான் சீனி கடன் வாங்க வந்தால், "அண்ணே, நான் அவசரத்துல இருக்கேன், எனக்கு மூளை வேண்டாம், சீனி குடுங்க" என்பாள்.

எண்பத்து நான்கின் அந்த ஜூலைச் சனிக்கிழமை, முறை அவர் முகம் மழிக்கிற கண்ணாடிக்கு வந்தது. டூட்டிக்குக் கிளம்புவதற்கு முன் பின்சுவரில் ஆணி அடிக்கத் தொடங்கினார். நாலு அடி அடித்திருப்பார். சுவருக்கு அந்தப் பக்கம் கமர் ஜஹானின் பேரன் நஜிமுதீன், பிறந்து இருபது நாள், அலறி எழுந்தான்.

"அண்ணே! இப்பத்தான் கண்ண மூடுனான்!"

"சரிம்மா, சரிம்மா. மிச்சத்த வந்து அடிச்சுக்கறேன்" என்று சுத்தியலை ஜன்னலில் வைத்துவிட்டுப் புறப்பட்டார்.

ஆணி இன்னமும் பாதிதான் இறங்கியிருக்கிறது. கண்ணாடி எதிர்ச்சுவரில், அதற்கு முந்தின மாதம் அவர் மாட்டிய இடத்திலேயே இருக்கிறது.